இடதுகைப் பிடி

பீச்சாங்கை என்று சொல்லிவிட்டான். பட்டறையில் பத்துப் பேர் நிற்கும்போது நவநீதன் சொன்னான். ஆத்திரத்தில் வாய் தவறி விழுந்த சொல்லாக இருந்தாலாவது மன்னித்துத் தொலைக்கலாம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, நிதானமாக, ஏதோ மரத்தின் நீள அகலத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். “இந்தப் பீச்சாங்கை வேலையெல்லாம் இங்க வேண்டாம் சிகாமணி. எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கணும்.” சொன்னது காலை ஒன்பதேகாலுக்கு. இப்போது மணி இரண்டரை. மத்தியானம் தின்ற தயிர்ச்சோறு இறங்கிவிட்டது, அந்தச் சொல் மட்டும் இறங்காமல் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கிறது. தெய்வசிகாமணி ரூட்டர் மெஷினின் இரண்டு உருண்டைக் கைப்பிடிகளையும் பிடித்தபடி வாகைப் பலகையின் முன்னால் நின்றான். எட்டடி நீளம், மூன்றேகால் அடி அகலம், ஒரே மரத்தில் அறுத்த ஒரே பலகை, நடுவில் ஒட்டுக் கிடையாது. யாரோ ஒரு கண் டாக்டரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு. வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் புதுமனை புகுவிழா. இன்று சாயங்காலமே பாலீஷ் முதல் கோட்டு அடித்தாக வேண்டும், அதற்கு நாலு மணிக்குள் நாலு பக்க விளிம்பையும் உருட்டிக் கொடுத்தாக வேண்டும். மெஷின் ஒரு தடவை துள்ளி விளிம்பைக் கொத்திவிட்டால் மாற்றுப் பலகை இல்லை; இந்த அகலத்தில் இன்னொரு வாகையை எந்தக் காட்டில் போய்த் தேடுவது? பட்டறையில் ஐந்து பேருக்கு ரூட்டர் ஓட்டத் தெரியும். ஆனால் இந்தப் பலகை என்று வந்தவுடன் நவநீதனுக்குச் சிகாமணி வேண்டும். கை வேண்டும், கையின் பெயர் மட்டும் ஆகாது. சூப்பர்வைசராக வந்து மூன்று மாதம் ஆகவில்லை. சென்னையில் என்னமோ படித்தானாம். படித்தவன் ஸ்க்ரூ டிரைவரைத் தானே எடுத்து, சிகாமணி தன் இடதுகைக்கென்று ஒரு மாதம் உட்கார்ந்து செய்த பிடியையும் அடித்தட்டையும் நாலே நிமிடத்தில் கழற்றி, வேஸ்ட் சாக்கில் போட்டான். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். அந்தத் தட்டல் இருக்கிறதே, அதை நினைத்தால்தான்.

சுவிட்சைப் போட்டான். மெஷின் எழுந்து கத்தியது. ரூட்டர் ஓட்டாதவர்களுக்கு இது தெரியாது: அது கையில் கிடக்கும் கருவி இல்லை, தப்பித்துப் போகப் பார்க்கிற சாமான். ஒரு மோட்டாரை நட்டுக்குத்தலாக நிறுத்தி, அதன் அடியில் விரல் பருமனுக்கு மரத்தை வெட்டுகிற ஒரு பிட்டு மாட்டி, கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழல விட்டு, இந்தா பிடி என்று கொடுத்திருக்கிறார்கள். பலகையின் நடுவில் ஓட்டும்போது பரவாயில்லை, உட்கார இடம் இருக்கிறது. விளிம்பில் ஓட்டும்போது மெஷினின் பாதி மரத்தின் மேல், பாதி அந்தரத்தில். அந்தரத்தில் இருக்கிற பாதிதான் எப்போதும் கனம். கொஞ்சம் அசந்தால் வெளியே சாயும். சாய்ந்தால் பிட்டு மரத்துக்குள் குத்தும். சுவிட்சு எங்கே இருக்கிறது? வலதுகைக் கட்டைவிரலுக்கு நேரே. ஏன் இருக்கிறது? வலதுகைதான் கை என்று எவனோ எங்கேயோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து முடிவு பண்ணிவிட்டான். சிகாமணிக்கு வலதுகை வெறும் துணைக்கு. சோற்றுப் பானையைத் தாங்கிப் பிடிக்கும், கதவைத் தள்ளும், அவ்வளவுதான். நிதானம், பலம், எந்த நொடியில் தளர்த்த வேண்டும் எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்கிற புத்தி எல்லாம் இடதுகையில்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர்ப் பட்டறையில் ஒரு பழைய தேக்குக் கதவுக்குள் எவனோ அடித்து முறித்துவிட்ட ஆணி ஒன்று புதைந்து கிடந்தது. பிட்டு அதில் பட்டது. மெஷின் முயல்போல எகிறியது. நிறுத்த வேண்டும். வலது கட்டைவிரல் தேடியது, தேடியது, சுவிட்சு கிடைக்கவில்லை. இடதுகை பிடியை விட்டுவிட்டுக் குறுக்கே ஓடி வந்தது. வந்து சேர்வதற்குள் மெஷின் தொடையில் ஒரு கோடு போட்டுவிட்டது. கோடு என்றால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிற அளவுக்குக் கோடு. அந்தப் பட்டறைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஆப்பிள் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு என்ன சொன்னார்? “அசால்ட்டா இருந்துட்டியேப்பா.” அசால்ட்டு. அந்த ஒரு நொடியில் சிகாமணியைவிட முழுசாக முழித்திருந்தவன் இந்த உலகத்தில் எவனும் கிடையாது. உடம்பு மொத்தமும் முழித்திருந்தது, சுவிட்சு ஒன்றுதான் தப்பான இடத்தில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, மரத்துப்போகிற மருந்து நாக்கு வரைக்கும் ஏறிக் கிடந்தது.

இடமிருந்து வலமாகத் தள்ளினான். இதில் மட்டும் பேதமில்லை. பிட்டு சுழல்கிற திசைக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும், வலதுகைக்காரனானாலும் இடதுகைக்காரனானாலும். திசையை மாற்றித் தள்ளினால் மெஷின் சக்கரம்போல ஓடிவிடும். பிட்டுக்குக் கை தெரியாது. பிட்டுக்கு இருக்கிற நியாயம்கூட மனிதனுக்கு இல்லை என்று நினைத்தபோது அவனுக்குப் பல் கடிபட்டது. ஈச்சனாரிக் கோயிலில் பூசாரி பிரசாதத்தை நீட்டினார், இவன் யோசிக்காமல் கையை நீட்டினான், பூசாரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், வரிசையே திரும்பிப் பார்த்தது. எத்தனை வயது அப்போது, முப்பது இருக்கும். முப்பது வயது ஆம்பளை. கல்யாணமாகி மாமியார் வீட்டில் முதல் விருந்து. இலையில் வலதுகையால் பிசைந்து பிசைந்து பாதிச் சோறு வேட்டியில். பெண்டாட்டி மரகதத்தின் சித்தி, மாப்பிள்ளைக்குப் பசியில்லையாட்ட இருக்குது என்றாள். பசியில் உயிர் போனது. பள்ளிக்கூடத்தில் ராமசாமி வாத்தியார் பிரம்பை எந்தக் கையில் வாங்கச் சொல்லுவார்? இடதுகையை நீட்டு என்பார். எழுதுவதற்கு ஆகாத கை அடி வாங்குவதற்கு ஆகும். அடித்து அடித்தும் மாறவில்லை. அப்பா லாரியோடு போனால் பத்து நாள், பதினைந்து நாள். அவருக்கு மகனுக்கு எத்தனை கை என்று பார்க்கவே நேரமில்லை. அப்படித் தப்பித்த கை இது. தப்பித்து வந்து எத்தனை கதவு, எத்தனை கட்டில், எத்தனை பூஜை அலமாரி. அந்தப் பூஜை அலமாரிகளில் சாமி உட்கார்ந்துதானே இருக்கிறது? எழுந்து ஓடிவிட்டதா? பீச்சாங்கை செய்த கதவுக்குள் லட்சுமி வரமாட்டேன் என்றாளா? சாப்பாட்டு மேசை செய்யலாமாம், அந்த மேசையில் உட்கார்ந்து அந்தக் கையால் சாப்பிடக் கூடாதாம். கேட்டால் சிரிப்பார்கள். என்னப்பா சிகாமணி, ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்பார்கள். ஒரு வார்த்தையா இது. நாற்பத்தாறு வருஷம்.

வாகையின் தூள் காரமானது. மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, தும்மலை அடக்கினான். தும்மினால் கை அசையும். மூன்றடி போயிருப்பான். கைப்பிடி வழுக்கியது. பிளாஸ்டிக் உருண்டை, வேர்வை பட்டால் சோப்புக்கட்டி மாதிரி. இந்த வேர்வைக்காகத்தான் தன் பிடியின் மேல் சைக்கிள் ட்யூப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தான். சுவிட்சு இடது கட்டைவிரலுக்கு வரட்டும் என்று மெஷினையே திருப்பிப் பிடித்துப் பார்த்து, திருப்பினால் தூளெல்லாம் முகத்துக்கு வருகிறது என்று கண்டு, அதற்கு ஒரு சின்னத் தடுப்பு வைத்தான். உடைந்த அக்ரிலிக் பலகையில் சுரைக்காய் மாதிரி நீளமாக ஒரு அடித்தட்டு அறுத்தான். நீண்ட முனை மரத்தின் மேல் படுக்கும், அந்த முனையில் ஒரு குமிழ். வலதுகைக்கு வேலை அந்தக் குமிழை அழுத்துவது மட்டும்; அழுத்தினால் அந்தரத்தில் நிற்கிற பாதி சாயாது. ஓட்டுவது இடதுகை. அதற்குப் புளியங்கட்டையில் ஒரு பிடி. உள்ளங்கையில் மாவைப் பிசைந்து அழுத்தி, அந்த அச்சைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினது. நாலு தடவை செய்து நாலும் சரியில்லை, ஐந்தாவது உட்கார்ந்தது. உட்கார்ந்தபோது மெஷின் முதன்முதலாக, எப்படிச் சொல்வது, கேட்டது. சொன்னால் கேட்டது. மகள் வாணிகூடப் போன மாதம் ஊருக்கு வந்தபோது அந்தப் பிடியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். நல்லாருக்குதுங்கப்பா என்றாள். ஈரோட்டில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள், கெமிஸ்ட்ரி, இரண்டாம் வருஷம். எந்தக் கையில் எடுத்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்தில் அதை அப்புறம் தள்ளினான். இப்போது எதற்கு அது. வேலையைப் பார். அந்தச் சமயத்தில்தான் மரத்தில் கணு வந்தது. கணு வருவது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் தெரிந்தது, ஆனால் தெரிந்த கை இடதுகை, அழுத்த வேண்டிய கை வலதுகை. மெஷின் வெளியே சாய்ந்து, கணுவில் ஏறி, டக்கென்று ஒரு துள்ளு. தொடைத் தழும்பு அதுவாகவே சுருங்கியது. வலது கட்டைவிரல் சுவிட்சைத் தேடியது. ஒன்று. இரண்டு. கிடைத்தது. மெஷின் முனகி அடங்கியது. விளிம்பில் நெல் அளவுக்கு ஒரு பெயர்ப்பு, அதைச் சுற்றிக் கருகல். குனிந்து நகத்தால் தடவிப் பார்த்தான். ஆழமில்லை, இன்னொரு முறை ஓட்டினால் போய்விடும். ஆழமாகப் போயிருந்தால்? போயிருந்தால் நவநீதன் நோட்டில் என்ன எழுதுவான் என்று சிகாமணிக்குத் தெரியும். எழுத்து எழுத்தாகத் தெரியும்.

போதும். மெஷினைப் பலகையிலிருந்து தூக்கிக் கீழே வைத்தான். நேராக வேஸ்ட் சாக்குக்குப் போனான். போகும்போதே மனசுக்குள் ஒருவன், வேண்டாம், வேலை போயிரும் என்றான். இன்னொருவன், போகட்டும் மயிரு என்றான். பாலீஷ் போடுகிற ருக்மணியக்கா தரையில் குத்தவைத்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “அடியில தேடாதீங்க, மேலாப்புலயேதான் கெடக்குது. நாந்தான் மத்தியானம் எடுத்து மேல வெச்சேன்” என்றாள். “ஒடஞ்சிருச்சாக்கா?” “நல்லா எறிஞ்சான். ஆனா ஒடயல. சீக்கிரம் மாட்டுங்க, எனக்கு நாலு மணிக்குப் பலகை வேணும்.” மறுபடி உப்புத்தாளைத் தேய்க்க ஆரம்பித்தாள். காலையில் அந்தச் சொல் விழுந்தபோது அவள் உட்பட யாரும் வாயைத் திறக்கவில்லை என்று அவள்மேலும் ஒரு கோபம் இருந்தது. அது கொஞ்சம் அசைந்து கொடுத்தது, முழுசாகப் போகவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடதுகையில் எடுத்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கினான். இது என் வாத்தியாருக்கு. இது பூசாரிக்கு. இது அந்தச் சித்திக்கு, பசியில்லையாட்ட இருக்குதாம். இது ஆப்பிள் பழத்துக்கு. பட்டறையில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று முதுகுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும். கழற்றும்போது பார்த்தீர்களே, மாட்டும்போதும் பாருங்கள். எவனாவது ஒருத்தன் வந்து, என்னண்ணா பண்றீங்க என்று கேட்டால் நல்லது, வயிற்றில் இருக்கிறதையெல்லாம் கொட்டிவிடலாம். ஒருவனும் கேட்கவில்லை. அதுவும் ஆத்திரமாக இருந்தது.

இப்போது மெஷின் கத்தவில்லை. அதே மெஷின், அதே மோட்டார், அதே சத்தம்தான். ஆனால் கத்துவதாகத் தோன்றவில்லை. பெயர்ந்த இடத்தை மெல்ல ஒரு முறை தடவிக் கொடுத்தது, கருகல் மறைந்தது. நீளப் பக்கம் முடிந்தது. முனையில் மரத்தின் நரம்பு குறுக்கே வெட்டுப்படும் இடம், அங்கேதான் நார் பெயர்ந்து சிலும்பும். அங்கே மூச்சை நிறுத்திக்கொண்டு, சிறிது சிறிதாக இரண்டு தடவையாக ஓட்டினான். சிலும்பவில்லை. இரண்டாவது நீளப் பக்கம். கண்ணாடிபோன்ற அடித்தட்டு வழியாகக் கீழே மரம் ஓடுவது தெரிந்தது, ஆற்றுக்கடியில் மணல் தெரிகிற மாதிரி, பழுப்பில் கறுப்புக் கோடுகள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். சந்தோஷம் வரவில்லை. ஏன் வர வேண்டும்? ஒருவன் தன் சொந்தக் கையைப் பயன்படுத்துவதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா? நவநீதன் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோக்க ஆரம்பித்தான். சார், நீங்க எந்தக் கையில கையெழுத்துப் போடறீங்க. இல்லை, அப்படித் தொடங்கக் கூடாது. சார், நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப நீங்க டவுசர் போட்டிருப்பீங்க. அதுவும் வேண்டாம், கேவலமாக இருக்கிறது. சார், கை எல்லாம் கைதான். இதுதான் சரி. இல்லை, இது கெஞ்சல் மாதிரி இருக்கிறது. கோத்துக் கோத்து அறுந்தது. கடைசிப் பக்கத்தில் பாதி போயிருக்கும்போது கண்ணோரத்தில் ஒரு நீலச் சட்டை. நவநீதன்தான். வாய் அசைந்தது. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டும்போது நடுவில் நிறுத்தக் கூடாது, நின்றால் பிட்டு அதே இடத்தைச் சுட்டுவிடும். இது படித்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிகாமணி நிறுத்தவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது, கை ஆடியது, விரல் பிடியைக் காட்டியது. வாழ்நாளில் ஒருமுறையாவது தன்னைத் திட்டுகிறவனின் குரல் கேட்காமல் வாயை மட்டும் பார்க்கக் கொடுத்துவைத்ததே என்று நினைத்தான். மீன் தொட்டியில் மீன் மாதிரி இருந்தது. கடைசி முக்கால் அடியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான்.

சுவிட்சை அணைத்தான், இடது கட்டைவிரலால். சத்தம் இறங்கியது. “...காதுல விழலையா? யாரைக் கேட்டு மாட்டினே?” என்கிற வால் மட்டும் கேட்டது. சிகாமணி பலகையைக் காட்டினான். நவநீதன் குனிந்தான். கையை விளிம்பில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக்கொண்டே நடந்தான், திரும்பினான், அடுத்த பக்கம், அதற்கடுத்தது. எங்கேயும் விரல் தடுக்கவில்லை. சுற்றி முடித்து வந்து நின்றான். கண்ணாடியைக் கழற்றினான். “சரி. இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்” என்றான். இருக்கட்டுமாம். இன்றைக்கு ஒரு நாள். வரம் கொடுக்கிறான். கோத்து வைத்த வாக்கியங்களில் ஒன்றும் சமயத்துக்கு வரவில்லை, வேறொன்று தானாக வந்தது. “இன்னைக்கு ஒரு நாள் இல்லீங்க. இந்த மெஷினை நான் ஓட்டற வரைக்கும் இந்தப் புடி இதுலதான் இருக்கும். கழட்டணும்னா என்னையும் சேத்துக் கழட்டி உட்டுருங்க.” குரல் அவன் நினைத்ததைவிடத் தணிவாக வந்தது. உப்புத்தாள் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் ரம்பம் அறுத்துக்கொண்டிருந்ததும் நின்றது. நவநீதன் சுற்றிலும் பார்த்தான். “என்னய்யா பெரிய வார்த்தையெல்லாம் பேசறே. மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா முதலாளி என்னைத்தானே கேப்பாரு? அதுக்குத்தான் சொன்னேன்.” “மெஷினுக்கு ஆனா என்னையக் கேளுங்க. காலைல நீங்க சொன்னது மெஷினைப் பத்தி இல்லீங்க.” நவநீதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று வந்து, அதை மறைக்க ஒரு சிரிப்பும் வந்தது. “சரி விடு. வெச்சுக்கோ. சின்ன வயசுலயே உங்கப்பா நாலு போடு போட்டுத் திருத்தியிருந்தா இந்த வம்பே இல்ல, எல்லாரையும் போல ஆகியிருப்பே.” சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தான். ஜெயித்துவிட்டோம் என்று சிகாமணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ருக்மணியக்கா எழுந்து வந்து பலகையைத் தடவினாள். “என்ற கைக்கு வேலையே வெக்கலீங்களே” என்றாள். அது அவளிடமிருந்து பெரிய பாராட்டு. அவன் காதில் அது சரியாக விழவில்லை. நாலு போடு போட்டுத் திருத்தியிருந்தா. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றான்.

டீ வந்திருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வெளியே, தண்ணீர் டிரம் பக்கம் போனான். தகரக் கூரையின் அனல் தலையில் இறங்கியது. இவன் யார் என் அப்பாவைப் பேச என்று கோபத்தை மறுபடி கிளப்பப் பார்த்தான். கோபம் வந்தது, ஆனால் நவநீதனிடம் போகாமல் பாதி வழியில் திரும்பி நின்று இவனையே பார்த்தது. திருத்துவது என்றால் என்னவென்று சிகாமணிக்குத் தெரியாதா. வாணிக்கு அப்போது நாலரை வயது. யூகேஜி. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவிவிட்டு அவளை மடக்கு மேசை முன்னால் உட்கார வைப்பான். நாலு கோடு போட்ட நோட்டு. பென்சிலை இடதுகையில் எடுப்பாள். அந்தக் கையில் எடு. வலதுகைக்கு மாற்றுவாள், இரண்டு எழுத்து எழுதுவாள், இவன் கண் அந்தப் பக்கம் போனதும் பென்சில் இந்தப் பக்கம் வந்துவிடும். ஸ்கேலால் விரல் கணுவில் ஒரு தட்டு. ஸ்கேல்கூடக் கடையில் வாங்கியதில்லை, இவனே ரீப்பர்க் கட்டைத் துண்டில் இழைத்தது, ஓரத்தை உருட்டி வழவழவென்று ஆக்கியது. தட்டி மாறவில்லை என்றதும் ஒரு நாள் கைக்குட்டையை எடுத்து அவளுடைய இடதுகையை நாற்காலிக் கையோடு கட்டிவிட்டான். மரகதம் சமையல்கட்டிலிருந்து வந்து, “உட்டுருங்க, எந்தக் கைல எழுதுனா என்ன, எழுத்துதானே முக்கியம்” என்றாள். “உனக்கென்ன தெரியும்? நான் பட்டது போதும், என்ற பொண்ணு படக் கூடாது” என்று கத்தினான். படக் கூடாதாம். பட வைத்துக்கொண்டே சொன்னான். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பான். கட்டிக் கிடந்த கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தக் கைதான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டது என்பதுபோல, அதன்மேல் கொஞ்சம் கோபமாக. ஆறு மாதத்தில் மாறிவிட்டது. திருத்திப்புட்டனல்ல என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ராமசாமி வாத்தியாரால் முடியாதது, இவனால் முடிந்தது. காலையிலிருந்து ஊர் உலகத்தையெல்லாம் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டானே, அந்த வரிசையில் இவனைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். டீயில் ஆடை படிந்துவிட்டது.

போனை எடுத்தான். மணி நாலு பத்து, காலேஜ் விட்டிருக்கும். இரண்டாவது மணியிலேயே வாணி எடுத்தாள். “அப்பா? என்னாச்சுங்கப்பா? அம்மாக்கு ஏதாச்சுமா?” வேலை நேரத்தில் அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “ஒண்ணுமில்ல சாமி, சும்மாதான்.” “சும்மாவா? கைல கிய்ல பட்டுருச்சுங்களா? நெசத்தச் சொல்லுங்க.” “அட, இல்லம்மிணி. நல்லாத்தான் இருக்கறேன். டீக் குடிக்கறேன்.” அவள் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் பெண் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம், ஒரு பஸ்ஸின் ஹாரன். என்ன கேட்பது? மன்னிப்பா கேட்பது? அந்த வார்த்தை அவர்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. “வாணி, நீ இப்ப எந்தக் கைல எழுதறே?” “என்னங்கப்பா கேள்வி இது? சோத்துக் கைலதான். நீங்கதானே...” என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். நிறுத்தினாள் என்பதே அடித்தது. பிறகு அவளாகவே, ஒரு ரகசியத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “லேப்ல மட்டும் பிப்பெட்ட இடது கைல புடிப்பேனுங்கப்பா. அதுலதான் சொட்டு கணக்கா நிக்குது. மேடம் அந்தப் பக்கம் போனப்பறந்தான் பண்ணுவேன். யாரும் பாக்க மாட்டாங்க.” அந்த மேடம் யாரென்று தெரியாது, அவள்மேல் கோபப்பட ஒரு கணம் ஆசையாக இருந்தது. “பாத்தாப் பாக்கட்டும்” என்றான். “என்னங்க?” “யாரு பாத்தாலும் பாக்கட்டும்னேன். உன்ற கை. நீ எதுல புடிச்சா அவுங்களுக்கு என்ன? எவளாச்சும் ஏதாச்சும் சொன்னா எங்கப்பன் கிட்டப் பேசுங்கன்னு சொல்லு.” மறுமுனையில் மெல்ல ஒரு சிரிப்பு. “சரிங்கப்பா, சொல்றேன்.” அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல, குறையாக இல்லாமல், வெறும் தகவலாகச் சொன்னாள்: “ஆனா எழுத இனி வராதுங்கப்பா. ஒரு நாள் ரூம்ல தனியா உக்காந்து இடது கைல எழுதிப் பாத்தேன். பேரு கூட வரல. கை நடுங்குது.”

உள்ளே யாரோ மெஷினைப் போட்டார்கள். அந்தச் சத்தம் தகரச் சுவரைத் தாண்டி வந்து நிறைந்தது. சிகாமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். எதையாவது சொல்ல வேண்டும். காலையிலிருந்து எத்தனை வாக்கியம் கோத்தான், ஒன்றும் இவளுக்கானது இல்லை.

“அப்பா? லைன்ல இருக்கறீங்களா?”

“இருக்கறேன் சாமி” என்றான்.